உண்டியலுக்கு முன்னால் கூலி

மாசி மாதம் வந்தால் தருமபுரி மாவட்டத்தில் எங்கள் அரூர்ப் பக்கம் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கும். ஒன்று தீர்த்தமலையில் திருவிழா. இன்னொன்று மஞ்சள் அறுவடை. மலைக்குப் போகிற சாலை நெடுகப் பந்தல் போட்டிருப்பார்கள். ஒரு பந்தலில் நீர்மோர், அடுத்ததில் புளிசாதம், அதற்கடுத்ததில் தக்காளி சாதம். பசியோடு யாரும் அந்தச் சாலையைக் கடந்துவிட முடியாது. அதே சாலையின் இரண்டு பக்கமும் கொல்லைகளில் பெண்கள் வரிசையாகக் குந்தி, தோண்டிப் போட்ட மஞ்சளில் மண்ணை உதறி, வேரை ஆய்ந்து, கூடையில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கொல்லைக்காரரில் சிலர்தான் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குகிறவர்களும். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மழை பொய்த்த வருஷத்திலும் சாமிக்கு என்று எடுத்து வைக்கிற மனசு பெரிய மனசு. ஆனால் போன வருஷம் மஞ்சள் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அக்கா என்னிடம் சொன்னது மனசில் தங்கிவிட்டது. "சோறு போடறாங்க தம்பி, வேணாம்னு சொல்லல. மூணு வாரக் கூலி நிக்குது. அதக் குடுத்தா நானே ஆக்கித் தின்னுக்குவேனே" என்றார்.

அவர் கேட்டது தர்மத்தை இல்லை, தன் பணத்தை. அன்றிலிருந்து ஒரு கேள்வியோடுதான் நான் மத நூல்களைப் புரட்டுகிறேன். பணம் சேர்ப்பதைப் பற்றி, ஏழ்மையைப் பற்றி, அடுத்தவருக்கு உதவ வேண்டிய கடமையைப் பற்றி நம் மதங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன? நாம் கேட்டு வளர்ந்ததெல்லாம் கொடை, தானம், ஈகை. எனக்குத் தெரிந்த வரையில் மதங்கள் அதற்கும் முந்தின இடத்தில் பேச்சைத் தொடங்குகின்றன. கூலி எப்போது கொடுத்தாய், தராசு எப்படிப் பிடித்தாய், கடன்பட்டவனிடம் எப்படி நடந்துகொண்டாய் என்று கேட்கின்றன. இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகுதான் தானத்துக்கே இடம்.

பொருள் சேர்ப்பது பாவமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் சேர்ப்பதையே பாவம் என்று நம் மரபு சொல்லவில்லை. வள்ளுவர் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பொருளைத் தேடு என்றுதான் அதில் சொல்கிறார். நல்ல வழியில், பிறருக்குத் தீங்கு செய்யாமல் வந்த பொருள் அறத்தையும் தரும், இன்பத்தையும் தரும் என்கிறார். ஆனால் நடுவு நிலைமை தவறி வருகிற லாபம் எவ்வளவு நன்மை தருவதாகத் தெரிந்தாலும் அன்றே கைவிடு என்றும் அவர்தான் சொல்கிறார். முயன்று சேர்த்ததெல்லாம் தக்கவர்களுக்கு உதவுவதற்காகத்தான் என்று ஒப்புரவு பற்றிய அதிகாரத்தில் சொல்கிறார். இரவச்சம் என்ற அதிகாரத்துக்கு வரும்போது அவர் குரலே மாறிவிடும். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறார். ஏழ்மையைக் கண்டு கடவுளையே சபிக்கிற அளவுக்குக் கோபம் வந்தது அவருக்கு.

அரூரில் வியாபாரம் இல்லையென்றால் எங்களுக்கு வாழ்வில்லை. மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விற்றால்தான் பள்ளிக் கட்டணம், கல்யாணம், கிணறு ஆழப்படுத்துவது எல்லாம். பெங்களூரில் கட்டிட வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போய்வந்த பணத்தில்தான் எத்தனையோ கூரை வீடு காங்கிரீட் வீடாகியிருக்கிறது. முதலாளித்துவம் என்கிற பெரிய சொல்லுக்கு எங்கள் ஊரில் இந்த நல்ல முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது நேர்மை ஆகாது.

சூரியன் மறைவதற்குள்

இன்னொரு முகத்துக்கு வருவோம். பைபிளில் உபாகமம் என்ற பகுதியில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழைக் கூலியாளுக்கு அன்றன்றைய கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் பிழைக்கிறான் என்கிறது. யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் கடுமையானது. வயலை அறுத்தவர்களிடமிருந்து பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று நிலக்காரர்களை எச்சரிக்கிறது. இஸ்லாத்தில் நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. உழைத்தவனின் வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பது அது.

இரண்டு மதங்களும் வெவ்வேறு காலத்தில் பேசுகின்றன. ஆனால் சொல்வது ஒன்றே. தாமதமான கூலி, பாதி திருடிய கூலி.

இங்கே ஒருவர் கேட்கலாம். "நான் கட்டாயப்படுத்தவில்லையே, அவர்களாகத்தானே இந்தக் கூலிக்கு ஒத்துக்கொண்டார்கள்?" முதலாளித்துவத்தின் அடிப்படை வாதமே இதுதான். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒத்துக்கொண்டால் பேரம் நியாயமானது என்கிறது அது. 1891-ல் போப் பதின்மூன்றாம் லியோ ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடலில் இதற்குப் பதில் எழுதினார். தனிச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை அதில் அவர் மறுக்கவில்லை, தூக்கிப்பிடிக்கவே செய்கிறார். ஆனால் பசிக்குப் பயந்தோ வேறு வழியில்லாமலோ ஒரு தொழிலாளி குறைந்த கூலிக்குத் தலையாட்டினால் அதை ஒப்பந்தம் என்று ஏற்க முடியாது, அவன் வன்முறைக்கும் அநியாயத்துக்கும் ஆளானவன் என்கிறார். சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்குகிற அளவுக்காவது கூலி இருக்க வேண்டும், அது பேரத்துக்கும் மேலான இயற்கை நீதி என்பது அவர் வாதம்.

விடியற்காலையில் அரூர் நாலு ரோட்டில் போய் நின்று பாருங்கள். தூக்குப் போசியோடு ஆட்கள் நிற்பார்கள். வண்டி வரும். மேஸ்திரி ஒரு தொகை சொல்வார். ஏறுகிறவன் யோசிக்கிற நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவன் பின்னால் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள். அதே வேலைக்குப் பெண்ணுக்கு இன்னும் குறைவு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு தொகை சொல்வது எங்கள் பக்கம் யாருக்கும் உறுத்துவதில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தப் பணம் கழிகிற வரை திரும்ப முடியாது. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். முன்பணத்தை வாங்கும்போது அவர்களும் தலையாட்டினார்கள்தான். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் இருந்தது ஒரு பிள்ளையின் காய்ச்சலா, தாலி அடகா என்று யார் கேட்டார்கள்?

தராசும் பாயிண்டும்

எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கு போட்டவர்களுக்கு "பாயிண்ட்" என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிழங்கு லோடு சேகோ ஆலைக்குப் போனதும் அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்தப் பாயிண்டை வைத்துத்தான் விலை. பாயிண்ட் இறங்கினால் பணமும் இறங்கும். பத்து மாதம் காத்திருந்த விவசாயிக்கு அந்தச் சில நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. அளக்கிற கருவி வாங்குகிறவர் கையில். நேர்மையாக அளக்கிற ஆலைகள் இருக்கின்றன. ஆனால் விற்கிறவர் வாங்குகிறவரின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய ஏற்பாடு அது.

நான் புரட்டிய நூல்கள் பலவும் அளவைப் பற்றிப் பேசுகின்றன. குர்ஆனின் 83-வது அத்தியாயத்துக்குப் பெயரே அளவில் மோசடி செய்பவர்கள் என்பதுதான். மக்களிடம் வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைக்கிறவர்களைக் கண்டித்து அது தொடங்குகிறது. லேவியராகமம் சரியான தராசும் சரியான எடைக்கல்லும் வைத்திரு என்று கட்டளையிடுகிறது. நடுவு நிலைமை பற்றிய அதிகாரத்தைக் குறளில் முடிக்கும்போது வள்ளுவர் நினைப்பது வியாபாரியைத்தான். அடுத்தவர் பொருளைத் தன் பொருள் போல் பேணுவதே வணிகருக்கு நல்ல வணிகம் என்கிறார். கடவுளைப் பற்றிப் பேச வேண்டிய நூல்களுக்குப் படியிலும் தராசிலும் என்ன வேலை? ஏழை ஏமாற்றப்படுகிற இடம் அதுதான் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அதே லேவியராகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டளை உண்டு. வயலை அறுக்கும்போது ஓரம் வரை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அயலானுக்கும் உரியது என்பது அது. நம் பக்கமும் நிலக்கடலை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய கடலையைப் பொறுக்கிக்கொள்ள ஆட்களை விடுகிற வழக்கம் இருக்கிறது. பொறுக்குகிறவர் யாரிடமும் கையேந்துவதில்லை. குனிந்து, தேடி, தன் உழைப்பால் எடுத்துப்போகிறார். உதவியை இப்படியும் அமைக்கலாம், வாங்குகிறவரின் தலை குனியாமல்.

கடன்

தண்டல்காரர் காலையில் வருவார். வாரக் குழுவுக்கு ஒரு கிழமை. அது போகப் பத்து வட்டி, மீட்டர் வட்டி. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. இருந்தும் ரேஷன் கார்டையும் ஏடிஎம் கார்டையும் அடகாக வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடகாக அடுத்தவனின் போர்வையை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று யாத்திராகமம் கேட்கிறது. வட்டியைக் குர்ஆன் அடியோடு தடுக்கிறது. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. வருஷம் முழுக்கக் கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுப்பது வசதியுள்ள முஸ்லிமின் கட்டாயக் கடமை. அதில் பங்கு பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் சொல்கிற எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களும் உண்டு. வாங்குகிறவர் நன்றிக்கடன்பட வேண்டியதில்லை, அது அவருடைய பங்கு.

எங்கள் மாவட்டத்தில் லிங்காயத்துக் குடும்பங்கள் உண்டு. அவர்கள் போற்றும் பசவண்ணர் 12-ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னனின் அமைச்சராக இருந்தவர். உழைப்பே வழிபாடு, உழைப்பின் பலன் பகிர்வதற்கு என்ற இரண்டையும் காயகம், தாசோகம் என்று அவர் வழிவந்தவர்கள் சொல்வார்கள். சரணர்கள் எனப்பட்ட அந்த அடியார்களில் மாரய்யா, லக்கம்மா என்று ஒரு தம்பதி. சிந்திக் கிடக்கிற அரிசியைப் பொறுக்கி வந்து, அதில் சமைத்து அடியார்களுக்கு இடுவது அவர்கள் தொழில். ஒரு நாள் மாரய்யா வழக்கத்தைவிட அதிக அரிசியோடு வந்தார். லக்கம்மா அதை ஏற்கவில்லை. தேவைக்கு மேல் எதற்கு, கொண்டுபோய் அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பேராசையைப் பற்றிப் பெரிய பெரிய சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். எனக்குப் பாடம் சொன்னது அரிசி பொறுக்கிப் பிழைத்த இந்தப் பெண்தான்.

போன ஜென்மத்து வினையா?

இவ்வளவுக்கும் நடுவே ஏழ்மைக்கு மதத்தின் பெயரால் சொல்லப்படுகிற ஒரு சமாதானம் உண்டு. "அவன் வாங்கி வந்த வரம் அப்படி, போன ஜென்மத்து வினை." வேறு இடங்களில் இதே எண்ணம் வேறு உடையில் வருகிறது. செல்வம் சேர்ந்தால் கடவுளின் ஆசி, சேராவிட்டால் விசுவாசக் குறைவு என்று பிரசங்கம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஏழையின் பசிக்கு ஏழையே பொறுப்பு என்று சொல்லி மற்றவர்களை நிம்மதியாகத் தூங்கவைக்கின்றன.

இதற்கு வள்ளலார் பதில் எழுதியிருக்கிறார். பசி என்பது கடவுள் விதித்த தண்டனை என்றால், பசித்தவனுக்குச் சோறு போடுவது கடவுள் கட்டளையை மீறுவதாகாதா என்ற கேள்வியை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் அவரே எடுத்துக்கொள்கிறார். ஆகாது என்கிறார். பெருங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் ஆட்களைக்கொண்டு உணவு கொடுக்கத்தானே செய்கிறான் என்று கேட்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. ஆனால் பட்டினிக்கு அதைச் சாக்காக வைக்க யாரையும் விடவில்லை. சொன்னதோடு நிற்காமல் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதி கேட்காமல், மதம் கேட்காமல் சோறு. அன்னதானம் என்றால் இலக்கணம் அதுதான்.

சோற்றுக்கு அப்பால்

ஆனால் அடுப்பு மட்டும் போதுமா? எங்கள் பக்கமே இரண்டு ஊர்கள் இதற்குப் பதில் சொல்கின்றன.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் பள்ளத்தாக்கு. 1990-களின் தொடக்கத்தில் அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே போனார்கள். அதற்கு முன் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியது. அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர்தோறும் போய்ப் பார்க்கிற நலப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். சிசு மரணம் பல மடங்கு குறைந்தது.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்கி முழுகிக்கொண்டிருந்த விவசாயியை மாத்திரையால் மட்டும் குணப்படுத்த முடியாது என்று புரிந்துகொண்டார்கள். இயற்கை விவசாயிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் விளைச்சலுக்குத் தாங்களே விலை வைத்து விற்கச் சங்கம் உருவானது. மறந்துகொண்டிருந்த எம்பிராய்டரி வேலையை லம்பாடிப் பெண்கள் மீட்டெடுத்து, 'பொற்கை' என்ற பெயரில் தங்கள் அமைப்பாக்கிக்கொண்டார்கள். இங்கேயும் சந்தை இருக்கிறது, விலை இருக்கிறது, லாபம் இருக்கிறது. ஆனால் விலை சொல்கிற வாய் உழைத்தவருடையது. செல்வம் வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர் இல்லை, தர்மகர்த்தா மட்டுமே என்று ஈசாவாசிய உபநிடதத்தை வைத்து காந்தி வாதாடினார். சிட்லிங்கி அதற்கும் ஒரு படி மேலே போய், தர்மகர்த்தாவாகவும் உழைப்பவரையே ஆக்கிப் பார்த்தது.

இன்னொரு ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிடித்த மக்களை அரூர் வனத்துறை அலுவலகத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். சந்தனக் கடத்தலில் கொழுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். அடி விழுந்தது ஏழைகள்மேல். மார்க்சிஸ்ட் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் கூட நின்றன. அந்தப் பெண்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

வாச்சாத்திக்கு அரிசி மூட்டை மட்டும் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பசி கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், அநியாயம் அப்படியே இருந்திருக்கும். அவர்களுக்குத் தேவைப்பட்டது கூட நிற்கிற ஆள். ஏசாயா தீர்க்கதரிசி கடவுளின் பெயரால் இதைத்தான் சொன்னார். உங்கள் பலிகளும் பண்டிகைகளும் எனக்குச் சலித்துவிட்டன, ஒடுக்கப்பட்டவனுக்குத் துணை நில்லுங்கள், திக்கற்ற பிள்ளைக்கு நியாயம் செய்யுங்கள், விதவைக்காக வழக்காடுங்கள் என்கிறார். வழக்காடுவதும் வழிபாடு என்று நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது?

உங்களிடம் கேட்பது

அன்னதானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பசித்தவனிடம் பொருளாதாரம் பேசிக்கொண்டிருக்க முடியாது, முதலில் இலையைப் போட வேண்டும். ஆனால் அந்த இலையில் விழுகிற சோறு யாருடைய நின்றுபோன கூலி என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிடித்து வைத்த கூலியில் போட்ட அன்னதானம் எந்த மதத்தின் கணக்கிலும் புண்ணியத்தில் சேராது. மேலே சொன்ன நூல்களைப் படித்து நான் புரிந்துகொண்டது இதுதான்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நிலம் வைத்திருப்பவர்கள், கடை நடத்துகிறவர்கள், வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். இந்தத் திருவிழாவுக்கு ரசீது புத்தகம் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, தொகை எழுதுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யாருக்காவது கூலி பாக்கி நிற்கிறதா? ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்களா? வாங்குகிற சரக்கை எடை போடும்போது விற்கிறவரும் முள்ளைப் பார்க்கிற இடத்தில் நிற்கிறாரா? மூன்றையும் சரி செய்துவிட்டு, பிறகு உண்டியலில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்.